புவாயா சங்குட் அருவி: சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாகக் காட்டுக்குள் செல்வோருக்கு

சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்தில் கொட்டும் அருவியின் உயரம் 40 மீட்டர். ஜொகூரின் எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவுக்குள், சாலை முடிந்த பிறகு பல மணி நேரம் நடந்தால் மட்டுமே காணக்கூடிய புவாயா சங்குட் அருவியின் உயரமும் ஏறத்தாழ அதே 40 மீட்டர்தான். முன்னதன் நீரை ஒரு விசையால் நிறுத்திவிடலாம். பின்னதன் நீர், நம் கண்ணுக்கு எட்டாத மேட்டில் எப்போது எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஆகவே காட்டு அருவிக்குத் திட்டமிடுகிறவர், எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதற்கு முன்பாக, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், ஆறு ஏறினால் எங்கே நிற்க வேண்டும் என்ற இரண்டையும் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே அமைந்தவை.

புவாயா சங்குட் என்றால் மலாயில் சிக்கிக்கொண்ட முதலை என்று பொருள். பூங்காவின் வாயிலில் இருக்கும் கம்போங் பெத்தா, ஜக்கூன் பழங்குடியினரின் ஊர். ஆற்றில் சிக்கிக் கல்லாகிப்போன முதலையின் கதையை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்களை அழைத்துச் செல்லப்போகும் வழிகாட்டியும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரராகவே இருப்பார்.

முதலில் உடம்பையும் கால்களையும் பழக்குங்கள்

குறைந்தது ஆறு வாரம் முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு முறை ஏறி இறங்குவது பயிற்சி ஆகாது. தண்ணீர்ப் புட்டிகள் நிரம்பிய பையைச் சுமந்து மூன்று முறை ஏறி இறங்கினால்தான் அடுத்த நாள் தொடை வலிக்கும், அந்த வலிதான் நமக்கு வேண்டிய செய்தி. மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் 11 கிலோமீட்டர் பாதையை, மழை பெய்து முடிந்த மறுநாள் நடந்து பாருங்கள். ஈரமான வேர்களின் மீது கால் எப்படி வழுக்குகிறது என்பதை அங்கே கற்றுக்கொள்வது, மருத்துவமனை இல்லாத இடத்தில் கற்றுக்கொள்வதைவிட நல்லது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு முறையாவது ஒன்றாக நடந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன், ஏனெனில் காட்டில் ஒரு குழுவின் வேகம் என்பது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான். அந்த வேகம் என்னவென்று தெரியாமல் நேரக்கணக்குப் போட முடியாது.

அதற்கடுத்த ஒத்திகையாகக் கோத்தா திங்கி அருவிக்கு ஒரு நாள் போய்வரலாம். குனோங் முந்தாஹாக் மலையடியில், ஊரிலிருந்து கார் போகும் தூரத்தில் அது இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது, எல்லையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஈரப் பாறையில் உங்கள் காலணி பிடிக்கிறதா என்ற இரண்டையும்தான்.

பருவமும் அனுமதியும்

ஜொகூரின் கிழக்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை கனமாக வரும். அதனால் பூங்காவைப் பொதுவாக நவம்பரிலிருந்து சில மாதங்களுக்கு மூடிவிடுகிறார்கள். மூடும் நாளும் திறக்கும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே விடுப்புக்கு விண்ணப்பியுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறைதான் நமக்கு நீளமானது, குழந்தைகளோடு அப்போது போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2001 டிசம்பர் இறுதியில் வாமெய் என்ற வெப்பமண்டலப் புயல் தென்ஜொகூரில் கரையேறியபோது, நம் எல்லைக்கு மிக அருகிலுள்ள குனோங் பூலாய் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வழிந்து ஐந்து உயிர்களைக் கொண்டுபோயின. அந்தப் பருவத்தில் காட்டாற்றுப் பக்கம் போகவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள மாதங்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. அப்போதும் பிற்பகல் இடிமழை உண்டு என்பதை மறக்கக்கூடாது.

பூங்காவுக்குள் நுழைய ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை. தனியாக உள்ளே நடப்பதை எண்ணவே வேண்டாம். வழிகாட்டியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவின்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முதலுதவிப் பையும் உயிர்காப்பு உடையும் யார் கொண்டுவருகிறார்கள், மழையால் பயணம் பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும். மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் பலரை ஏறும் ஆற்றில் இறங்க வைக்கிறது. திரும்பினாலும் மறுமுறை வரலாம் என்ற ஏற்பாடு இருந்தால் மனம் தெளிவாக முடிவெடுக்கும்.

எல்லையும் பாதையும்

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் தவிர்த்த மற்றவர்கள், நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் உட்பட, மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் அந்தச் சமயத்தில் நடப்பிலிருக்கும் விசா விதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர்க் காரை எடுத்துச் செல்பவர்களுக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும்; நம் சோதனைச்சாவடியில் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நீண்ட வார இறுதியில் உட்லண்ட்ஸ் பாலத்தில் நான்கு மணி நேரம் நின்றவர்களுக்கு அன்றைய நடை பறிபோயிற்று என்றே பொருள். வெள்ளி இரவோ, சனி விடியற்காலை ஐந்து மணிக்கு முன்போ கடந்துவிடுங்கள்; மேற்கே வசிப்பவர்களுக்குத் துவாஸ் வழி பெரும்பாலும் மேல்.

ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையில் காஹாங் என்ற சிற்றூர் வரும். பெட்ரோல், பணம், மருந்து, கைப்பேசி அழைப்பு எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து கம்போங் பெத்தா வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மண் சாலை, மழைக்குப் பின் சேறு. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி தேவை. அதைப் பூங்கா மூலமாகவோ சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலமாகவோ வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, உங்கள் காரைக் காஹாங்கில் நிறுத்திவிடலாம். செலவில் பெரும்பங்கு இந்த வண்டிக்கே போகும் என்பதால் ஆறு, ஏழு பேராகச் சேர்ந்து போவது சிக்கனம். முதல் நாளைப் பயணத்துக்கே விட்டுவிட்டு, பூங்காவில் இரவு தங்கி, மறுநாள் அதிகாலையில் நடக்கத் தொடங்குங்கள். ஒரே நாளில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு அருவியைப் பார்த்துத் திரும்பும் திட்டம் எதற்கும் இசையாதீர்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

காலணியிலிருந்து தொடங்குகிறேன். விலையுயர்ந்த மலையேற்றக் காலணி ஆற்றில் ஒரு முறை நனைந்தால் நாள் முழுக்கக் கல்லாய்க் கனக்கும். ஜொகூர் மளிகைக் கடைகளில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லோரும் அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி, அடியில் முள்முள்ளாக இருப்பதால் சேற்றிலும் வேரிலும் நன்றாகப் பிடிக்கிறது, தண்ணீரும் நொடியில் வடிந்துவிடுகிறது. பால்மரம் வெட்டுவோர் அணியும் காலணி அது. கால் பழகாமல் போட்டால் குதிகால் உரியும். ஆகவே வாங்கி, தடித்த காலுறையோடு மெக்ரிட்ச்சியில் இரண்டு முறை நடந்த பிறகு எடுத்துச் செல்லுங்கள்.

அட்டைகளைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். அட்டை வலிக்காது, கடித்தது கூடத் தெரியாது. அதன் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் நெடுநேரம் இரத்தம் கசியும், அவ்வளவுதான். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை அணிந்து, கால்சட்டையை அதனுள் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. என் பாட்டி குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புகையிலையை ஊறவைத்த நீரில் கால்துணியை நனைத்துக் கட்டிக்கொண்டுதான் விடியற்காலை மரத்துக்குப் போவாராம். நானும் காலுறையை அப்படி நனைத்துப் பார்த்திருக்கிறேன், பலன் இருந்தது. கடித்த அட்டையைப் பிடித்து இழுக்கவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். அதன் மெல்லிய முனை ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைக் கிடையாக நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்பால் கழுவி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ குடிக்கக்கூடாது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்பு மருந்துப் பொட்டலங்கள் நான்கைந்து இருக்கட்டும். சாப்பாட்டுக்கு நம் வீட்டுக் கட்டுச்சோற்றைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து வேறில்லை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளிச்சோறு, ஆறவைத்துக் கட்டினால் மதியம் வரை கெடாது, உப்பும் தெம்பும் சேர்ந்தே கிடைக்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் அந்தப் புழுக்கத்தில் கெட்டுவிடும். எடுத்துச் சென்ற நெகிழிப்பை ஒன்றுகூட அங்கே தங்கக்கூடாது.

இவை தவிர, தலையில் மாட்டும் விளக்கு (பகல் பயணம்தானே என்று விட்டுவிடாதீர்கள்), விசில், மழையங்கி, மாற்றுடை, கைப்பேசிக்கு நீர்புகாத உறை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள். ஆஸ்துமா உள்ளவர் மூச்சு மருந்தைத் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். வண்டியில் இருக்கும் மருந்து காட்டுக்குள் உதவாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது மலை நடையும் அவசர மீட்பும் அதில் அடங்குகின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

நேரக்கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள்

இதுவே இந்தக் கட்டுரையின் மையம். ஜொகூரில் சூரியன் மறைவது மாலை ஏழு மணியை ஒட்டி என்றாலும், அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஆறேகால் மணிக்கே பாதை தெரியாது. பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துக்குள் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே கடைசி ஆற்றுக் கடவை நான் எத்தனை மணிக்குத் தாண்டியிருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் கோலா ஜாசின் முகாமிலிருந்து அருவிக்கு ஒரு வழிக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டால், காலை ஏழுக்குப் புறப்பட்டவர் பதினொரு மணிக்குப் போய்ச் சேரலாம். பன்னிரண்டு மணி அடித்தால், அருவியின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்தத் 'திரும்பும் மணி'யை முதல் நாள் இரவே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். களைப்பும் ஆசையும் சேர்ந்த பிறகு அங்கே நின்று வாக்கெடுப்பு நடத்தக்கூடாது.

நான் முதல் முறை போனபோது அருவியைப் பார்க்கவில்லை. ஏற்பாட்டாளரின் வண்டி பழுதாகி, நாங்கள் நடக்கத் தொடங்கியதே பத்தரை மணிக்கு. அப்போதே திட்டத்தை மாற்றியிருக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பாத்து ஹம்பார் பாறைவெளியை அடைந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தலைக்கு மேலே வானம் வெளுத்துத்தான் இருந்தது. எங்கள் வழிகாட்டி, ஐம்பதைக் கடந்த ஜக்கூன் பெரியவர், ஒன்றும் பேசாமல் ஒரு குச்சியை ஒடித்து, நீர் தொடும் விளிம்பில் மணலில் செங்குத்தாக ஊன்றினார். நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நான் இரண்டு கவளம்கூட முடித்திருக்கமாட்டேன், அவர் குச்சியைக் காட்டினார். விளிம்பில் நின்ற குச்சி இப்போது தண்ணீருக்குள் நின்றது. நான்கு விரல் உயரத்துக்கு ஈரம். தேநீர் நிறமாக இருந்த ஆற்றில் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. "ஆயிர் நாயிக், பாக்சிக். கித்தா பாலிக்," என்றார். நீர் ஏறுகிறது ஐயா, திரும்புவோம் என்பது பொருள். எங்களுடன் வந்த மூத்தவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தாலும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காலையில் முழங்காலளவு நீரில் கடந்த இடத்தை இடுப்பளவு நீரில் கயிறு கட்டிக் கடந்தோம். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் அன்றிரவு அக்கரையிலேயே கழிந்திருக்கும்.

மேலே பெய்த மழை ஒரே அலையாகத் திரண்டு இறங்குவதை மலாயில் கெப்பாலா ஆயிர், நீரின் தலை, என்கிறார்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வரலாம். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவில், நம் பழைய பாடல்கள் கடாரம் என்று சொல்லும் அந்த மண்ணில், குனோங் ஜெராய் மலையிலிருந்து அப்படி இறங்கிய நீரும் மரங்களும் பாறைகளும் அடிவாரத்தில் உயிர்களைப் பறித்தன. அறிகுறிகள் நான்கு: தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீர் மட்டம் ஏறுவது, மேலிருந்து புதிதாக ஓர் இரைச்சல் கேட்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையையும் கைப்பேசியையும் தேடாமல் கரையில் மேட்டை நோக்கி ஏறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக்கூடாது. எங்கே நின்று ஓய்வெடுத்தாலும் அந்தப் பெரியவர் செய்ததுபோல ஒரு குச்சியை ஊன்றிவிட்டு உட்காருங்கள்.

ஆற்றைக் கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட வேண்டும். விழுந்தால் பை உங்களை அமுக்காமல் கழன்றுபோகும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடி ஒன்றை ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் எடுத்து வையுங்கள். வேகமாக ஓடும் நீர் தொடைக்கு மேல் போனால் புதியவர் கடக்கக்கூடாது.

வழியிலும் அருவியிலும்

உப்பே குலிங் என்ற சிற்றருவியை வழியில் பார்க்கலாம். உப்பே என்பது பாக்குமட்டை. அங்கே பாறையில் வட்டவட்டமாக ஆழ்ந்த குழிகள் இருக்கின்றன. சுழலில் சிக்கிய கல் காலங்காலமாக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்த குழிகள் அவை. ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்தேன்: சுவர் எங்கள் பழைய வீட்டு ஆட்டுக்கல்லின் உட்புறம்போல வழவழவென்றிருந்தது, அடியில் குழவியாய் உருண்ட ஒரு கல்லும் கிடந்தது. ஆறு தாழ்ந்திருக்கும் நாளில் வழிகாட்டி அனுமதித்தால் அவற்றில் உட்கார்ந்து குளிக்கலாம்.

யானைகள் உள்ள காடு இது. பாதையில் ஈரமான புதுச் சாணம் கண்டால் பேச்சை நிறுத்திவிட்டு வழிகாட்டியின் சைகைக்குக் காத்திருங்கள்.

அருவியின் அடித்தடாகத்தில் நீர் விழும் இடத்துக்கு நேர்கீழே நீந்தக்கூடாது. அங்கே நுரைத்திருக்கும் நீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு நன்றாக மிதக்காது, அடியோட்டமும் இழுக்கும். உயிர்காப்பு உடையோடு, தடாகம் ஆற்றில் சேரும் ஆழமில்லாத பக்கத்தில் இறங்குங்கள். பாறையிலிருந்து குதிப்பது, விளிம்பில் நின்று படம் எடுப்பது இரண்டுக்கும் இடமே கிடையாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று நீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து பார்ப்பதே சரி. எலிக்காய்ச்சல் கிருமி நுழையும் வாசல் அந்தக் காயம்தான்.

வீட்டில் ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டிய தாள்

புறப்படும் முன் ஒரு தாளில் குழுவினர் பெயர்கள், வண்டி எண், பூங்கா அலுவலகத்தின் தொலைபேசி எண், செல்லும் பாதை, திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி, பயணத்துக்கு வராத ஒருவரிடம் கொடுங்கள். அதன் கடைசி வரியில், 'ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் அழைப்பு வராவிட்டால் பூங்கா அலுவலகத்தை அழைக்கவும், அங்கே பதில் இல்லையென்றால் மலேசியாவின் அவசர உதவியை நாடவும்' என்பது போல மணியும் செயலும் தெளிவாக இருக்க வேண்டும். மலேசியாவுக்குள் அவசர எண் 999. காட்டுக்குள் கைப்பேசி வேலை செய்யாது என்பதால் உங்களுக்காக அந்த அழைப்பை வெளியில் இருப்பவர்தான் செய்ய முடியும். சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்திலும் குடிமக்கள் தங்கள் பயணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

திரும்பும்போது காஹாங்கில் கைப்பேசி உயிர்பெற்றவுடன், படங்களை அனுப்புவதற்கு முன்பாக அந்தத் தாளை வைத்திருப்பவரை அழையுங்கள். வீட்டுக்கு வந்து காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு எல்லாம் உண்ணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, துணிகளை வெந்நீரில் துவையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி ஏதேனும் வந்தால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட வேண்டாம். டெங்கி, எலிக்காய்ச்சல், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, "இத்தனாம் தேதி ஜொகூர் காட்டில் இருந்தேன், ஆற்றில் இறங்கினேன்" என்று சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதை அவர் அதிலிருந்துதான் முடிவு செய்வார்.